சிரிக்க வைத்துச் சிந்திக்க வைத்தவர்: கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்

மனித உள்ளத்தில் தோன்றி உடலில் புலப்படும் மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் நகைக்கே முதலிடம் தந்தார். அழுகையும் அச்சமும் வீரமும் அதன் பின்னரே வருகின்றன. நகைத்து மகிழத் தெரியாதவருக்குப் பட்டப்பகலும் இருண்டு கிடக்கும் என்பது வள்ளுவப் பெருந்தகையின் கருத்து. வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்று நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். உடல் நோயைப் போலவே ஊர் நோயும் சிரிப்பினால் தீருமா? சாதிச் செருக்கு, மதுப் பழக்கம், கல்லாமை, மூடநம்பிக்கை ஆகிய நோய்களைச் சிரிப்பு என்னும் மருந்தால் தீர்க்க முயன்ற ஒரு பெரியவரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் நாம் சற்று எண்ணிப் பார்ப்போம்.

அரசியலில் கேலிக்கு இடமளித்த ஊர்களுள் நம் புதுவையும் ஒன்று என்பது நமக்குப் பெருமை தருவதாகும். ஆங்கில அரசின் அடக்குமுறைக்குத் தப்பி 1908-ஆம் ஆண்டில் மகாகவி பாரதியார் இவ்வூருக்கு வந்தார். அவருடைய 'இந்தியா' வார இதழ் அதே ஆண்டு அக்டோபர் முதல் இங்கிருந்தே வெளிவரலாயிற்று. அன்றைய ஆட்சியாளர்களை நையாண்டி செய்யும் சித்திரங்கள் அவ்விதழில் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அச்சித்திரங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டு புன்னகைத்திருப்பர். 1910-இல் அவ்விதழ் நின்றுபோயிற்று. ஆனால் சிரிப்பும் ஓர் ஆயுதமே என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது.

பாரதியார் புதுவைக்கு வந்த அதே 1908-ஆம் ஆண்டு, நவம்பர் 29-ஆம் நாள், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் ஆண் குழந்தை ஒன்று பிறந்தது. தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை; தாயார் இசக்கி அம்மாள். குழந்தைக்குக் கிருஷ்ணன் என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் தமிழ் மக்கள் அனைவரும் கலைவாணர் என்று போற்றிய என்.எஸ். கிருஷ்ணன் அவரே.

வறுமையில் ஒரு வளம்

அக்காலத்தில் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நம் புதுவை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது போலவே, அதுவும் சென்னை மாகாணத்துக்கு வெளியே கிடந்த ஒரு தமிழ் மண். 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுவை இந்தியாவுடன் இணைந்தது. 1956-ஆம் ஆண்டு அதே நவம்பர் முதல் நாள் நாகர்கோவிலை உள்ளடக்கிய கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக் கோடுகள் எங்கே கிடந்தாலும் தமிழும் தமிழர் சிரிப்பும் ஒன்றாகவே இருந்தன.

வீட்டில் வறுமை வாட்டியதால் சிறுவன் கிருஷ்ணனின் கல்வி தொடக்கப் பள்ளியோடு நின்றுபோயிற்று. பந்து பொறுக்கிப் போடுவதும், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்பதுமாகச் சில காசுகள் ஈட்டி வீட்டுக்கு உதவினார். விற்க வந்த இடத்தில் நாடகம் அவர் நெஞ்சைக் கவர்ந்துகொண்டது. வில்லுப்பாட்டு அந்தத் தென்கோடிச் சீமைக்கே உரிய கலை. ஊர்க் கோயில் கொடைகளில் விடிய விடிய நடக்கும் அக்கலையும் சிறுவனின் காதில் நுழைந்து நெஞ்சில் தங்கிற்று.

பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் அவர் சேர்ந்தார். பெண் வேடம் உட்பட எல்லா வேடங்களையும் சிறுவர்களே தாங்கி நடித்த காலம் அது. ஊர் ஊராகச் செல்லும் அக்குழுக்களில் பாட்டும் வசனமும் ஒழுங்கும் கண்டிப்புடன் கற்பிக்கப்பட்டன. பள்ளிக்கூடம் தர இயலாமற்போன கல்வியை நாடகக் கொட்டகை அவருக்குத் தந்தது எனலாம். தாம் பெறாத படிப்பின் அருமையை அவர் கடைசிவரை மறக்கவில்லை. பிற்காலத்தில் அவர் செய்த கேலிகளுள் மிகச் சிறந்தது கல்வியைப் பற்றியதாக அமைந்தது தற்செயல் அன்று.

திரையில் ஒரு புதுவழி

தமிழ்ப் படங்கள் பேசத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். அடுத்த சில ஆண்டுகளிலேயே கிருஷ்ணனும் திரைக்கு வந்துவிட்டார். 1935-இல் வெளிவந்த 'மேனகா', 1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி' ஆகியவை அவருடைய தொடக்க காலப் படங்கள். பின்னாளில் முதலமைச்சரான எம்.ஜி. ராமச்சந்திரன் முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் 'சதி லீலாவதி'யில்தான். தொடர்ந்து 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'கண்ணகி', 'ஹரிதாஸ்' என்று வரிசையாகப் படங்கள் வந்தன. வாழ்நாளில் நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் அவர் நடித்தார்.

அந்நாளில் நகைச்சுவை என்றால் தடுக்கி விழுவதும், கோணங்கி காட்டுவதும், ஊனமுற்றோரையும் திக்கிப் பேசுவோரையும் பழிப்பதுமே என்றிருந்தது. கிருஷ்ணன் வேறு வழியை வகுத்துக்கொண்டார். படத்தின் கதை ஒருபுறம் போக, தமக்கான நகைச்சுவைப் பகுதியைத் தாமே தனியாக அமைத்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றார். அரசர்களும் முனிவர்களும் வரும் புராணக் கதைக்கு நடுவே, நம் அண்டை வீட்டுக்காரரைப் போன்ற ஒருவர் தோன்றுவார். எளிய தமிழில் பேசுவார். ஏதோ ஓர் அசட்டுக் காரியம் செய்வார். மக்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். சிரித்து முடித்து வீட்டுக்குப் போகும் வழியில்தான், அந்த அசட்டுக் காரியத்தை நாமும் செய்துகொண்டிருக்கிறோமே என்பது உறைக்கும்.

இதுவே அவர் முறையின் இரகசியம். மேடையேறி நின்று நீங்கள் எல்லாரும் மூடர்கள் என்று சொல்பவரை எவரும் விரும்பார். தாமே மூடராக நடித்துக் காட்டுபவரை அனைவரும் விரும்புவர். அறிவுரையைக் கசப்பு மருந்தாகத் தராமல், வாழைப்பழத்தினுள் மாத்திரையை வைத்துக் கொடுக்கும் தாயைப் போல அவர் நடந்துகொண்டார். சிக்கனம், தூய்மை, உழைப்பு, விஞ்ஞான நோக்கு, பெண்கல்வி ஆகிய அனைத்தும் அந்த வாழைப்பழத்தினுள் இருந்தன.

அவருக்குத் திரையிலும் வாழ்விலும் துணையாக அமைந்தவர் திருச்சிராப்பள்ளிச் சீமையைச் சேர்ந்த டி.ஏ. மதுரம் அம்மையார். பெண்ணாகப் பிறந்தவள் கணவன் சொல்லுக்குத் தலையாட்ட வேண்டும் என்பதே அந்நாளையத் திரைக்கதைகளின் இலக்கணம். மதுரம் அம்மையாரோ திரையில் கணவனை எதிர்த்துக் கேள்வி கேட்டார். அவருடைய வீண் பெருமையை ஒரு சொல்லால் கவிழ்த்தார். அறிவில் அவருக்கு ஒருபடி மேலாகவே நின்றார். அவ்வாறு தாம் தோற்றுப் போவதாக நகைச்சுவைப் பகுதிகளை அமைத்துக்கொண்ட கிருஷ்ணனின் பெருந்தன்மையையும் நாம் இங்கே பாராட்ட வேண்டும். மாணவியராகிய நீங்கள் இதனை ஊன்றிக் கவனிப்பது நல்லது.

இடி விழுந்த வேளை

1944-ஆம் ஆண்டு தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகராக நடித்த அப்படம் சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாகவதரும் கிருஷ்ணனும் புகழின் உச்சியில் இருந்தனர். அந்த வேளையில்தான் இடி விழுந்தது.

திரைக் கலைஞர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அவதூறுகளை எழுதிப் பத்திரிகை நடத்திவந்தார் லட்சுமிகாந்தன் என்பவர். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். அவ்வழக்கில் டிசம்பர் மாதம் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் பயனளிக்கவில்லை.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிறரைச் சிரிப்புக்கு இடமாக்கும் வழிகள் இரண்டு. ஒருவருடைய மறைவான குறைகளைத் தெருவில் போட்டு, ஊரார் எள்ளி நகைக்கச் செய்து காசு பார்ப்பது ஒரு வழி. பொதுவான குறையைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு, ஊரார் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளச் செய்வது மற்றொரு வழி. முதல் வழியில் சென்றவர் உயிரை இழந்தார். அது எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாத கொடுமை. இரண்டாம் வழியில் சென்றவரோ அந்தக் கொலைப் பழியில் சிக்கிச் சிறையில் கிடந்தார். அவதூறு என்னும் தீ, மூட்டியவரையும் சுடுகிறது. அருகில் நின்றவரையும் சுடுகிறது.

ஊரையே சிரிக்க வைத்தவர் சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார். வழக்குச் செலவில் செல்வம் கரைந்தது. நேற்றுவரை வாசலில் காத்துக் கிடந்த கூட்டம் கலைந்தது. இத்தகைய நேரத்தில் குடும்பத் தலைவி சோர்ந்து மூலையில் அமர்ந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மதுரம் அம்மையார் சோர்ந்துவிடவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமம் போன்ற நண்பர்களின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். 'பைத்தியக்காரன்' என்னும் நாடகம் மேடையேறியது. பின்னர் அதுவே திரைப்படமாகவும் தயாராயிற்று. அதில் வந்த பொருள் வழக்குக்கும் குடும்பத்துக்கும் உதவிற்று. வீட்டில் துயரம் இருக்க, மேடையில் சிரிக்க வைப்பது எத்தனை கடினம்! அந்தக் கடினத்தை அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாங்கினார்.

வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. மறுபடியும் விசாரிக்குமாறு அது திருப்பி அனுப்பப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞர் வி.எல். எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரல் மாதம் பாகவதரும் கிருஷ்ணனும் குற்றமற்றவர்கள் என விடுதலை செய்யப்பட்டனர். அந்த எத்திராஜ் அவர்களே அடுத்த ஆண்டில் சென்னையில் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார் என்பதை நம் மாணவியர் அறிந்திருப்பர். இலட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்பது மட்டும் இன்றுவரை தெளிவாகவில்லை.

மீண்டும் எழுந்த சிரிப்பு

சிறையிலிருந்து மீண்ட பாகவதரால் பழைய புகழை மீண்டும் பெற இயலவில்லை. அடுத்தடுத்து வந்த படங்கள் அவருக்குக் கைகொடுக்கவில்லை. கிருஷ்ணனோ மீண்டும் எழுந்து நின்றார். துன்பம் வரும்போது அதனை நோக்கி நகைக்குமாறு வள்ளுவர் கூறியதைப் படித்திருக்கிறோம். அதை வாழ்ந்து காட்டியவரை இங்கே காண்கிறோம். முடியும் தறுவாயில் இருந்த 'பைத்தியக்காரன்' படத்தில் அவருக்கெனப் புதிய காட்சிகள் சேர்க்கப்பட்டன. 1948-இல் ஜெமினி நிறுவனம் பெரும் பொருட்செலவில் வெளியிட்ட 'சந்திரலேகா'விலும் கிருஷ்ணன்–மதுரம் இணை இடம்பெற்றது. தமிழ் நாடக உலகின் பெரியவரான பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்னும் பட்டத்தை வழங்கினார். அப்பட்டம் இயற்பெயரைவிட மிகுதியாக நிலைத்துவிட்டது.

நாடு விடுதலை பெற்ற காலம் அது. அரசியல் மேடைகளில் அனல் பறந்தது. எதிர்க்கட்சியினரை ஏசிப் பேசுவதே வீரம் என்று எண்ணியவர் பலர். அத்தகைய சூழலில் கலைவாணரின் சிரிப்பு தனி வழியில் நடந்தது.

நந்தனார் சரித்திரம் நாம் அறிந்ததே. தில்லைக்குப் போக ஏங்கிய அந்த அடியாரின் கதையைக் கதாகாலட்சேபமாகக் கேட்டு உருகியவர் பலர். கலைவாணர் அதே காலட்சேப முறையில் கிந்தனார் கதையைச் சொன்னார். பாடல்களை உடுமலை நாராயணகவி ஆக்கித் தந்தார். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த கிந்தன் ஏங்குவது கோயிலுக்காக அன்று, படிப்புக்காக. அவன் நாடிச் செல்லும் தலம் சென்னைப் பட்டணம்; ஏறிச் செல்வது புகைவண்டி. எல்லாச் சாதியாரையும் ஒரே பலகையில் உட்கார வைத்துக்கொண்டு போகும் அந்த வண்டியே ஒரு சீர்திருத்தவாதி அல்லவா! படித்துப் பட்டம் பெற்ற கிந்தன், கல்வி அதிகாரியாக அதே ஊருக்குத் திரும்பி வருகிறான். அன்று அவனை அடித்து விரட்டிய ஊர் இன்று மாலையோடு நிற்கிறது. கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்பினூடே கண்ணீரும் துளிர்த்தது. சாதியைக் கண்டித்து நூறு சொற்பொழிவுகள் செய்ய வேண்டிய வேலையை ஒரு காலட்சேபம் செய்தது.

மதுவிலக்கும் நம் ஊரும்

1947-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். நமக்கு அண்மையில் உள்ள திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரே அவருடைய ஊர். அவருடைய ஆட்சியில், 1948-ஆம் ஆண்டு காந்தியடிகளின் பிறந்த நாளில், மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு நிறைவேறியது. சட்டத்தால் கடையை மூடலாம். குடிப்பவன் மனத்தை எப்படி மாற்றுவது?

1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' அந்தப் பணியை மேற்கொண்டது. கதை வசனம் எழுதியவர் சி.என். அண்ணாதுரை, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினர், கலைவாணரே கதாநாயகர். குடியின் கேட்டினைச் சிரிக்கச் சிரிக்க எடுத்துக்காட்டிய அப்படத்தில் கிந்தனார் காலட்சேபமும் இடம்பெற்றது. நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சட்டம் கொண்டுவந்தது காங்கிரஸ் அரசு. அதற்குத் துணைநின்ற படத்தை எழுதியவரோ அவ்வாட்சியை எதிர்த்த இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவர். அதே 1949 செப்டம்பரில் அவர் தனிக்கட்சியே தொடங்கினார். எதிரெதிர் அணியினரையும் ஒரு நல்ல காரியத்தில் ஒன்றுசேர்க்க ஒரு நகைச்சுவைக் கலைஞரால் முடிந்தது!

அவ்வேளையில் நம் புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அந்தச் சட்டம் இங்கு இல்லை. மாகாணத்தில் கடை மூடியதால் எல்லை தாண்டி இங்கு வந்தவர்களும் உண்டு. எனவே கலைவாணரின் கேலி நம் ஊருக்குப் பிறர் கதையாக இருந்திருக்காது. சாயங்காலம் ஆகியும் கூலியோடு வீடு திரும்பாத தந்தைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் துயரை அறிந்த ஊர் இது. சட்டம் எட்டாத இடத்திலும் சிரிப்பு எட்டும் என்பதே அவருடைய நம்பிக்கை.

கத்தரிக்கோலுக்குத் தப்பிய கேலி

1951-இல் 'மணமகள்', 1952-இல் 'பணம்' ஆகிய படங்களைக் கலைவாணரே இயக்கினார். இரண்டுக்கும் வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. 'மணமகள்' மூலம் பத்மினி கதாநாயகியாக உயர்ந்தார். 'பணம்' நடிகர் சிவாஜி கணேசனின் தொடக்க காலப் படங்களுள் ஒன்று.

திரைப்படத் தணிக்கை கடுமையாக இருந்த நாட்கள் அவை. ஒரு கட்சியின் பெயரைப் படத்தில் சொல்வது எளிதன்று. 'பணம்' படத்தில் கலைவாணர் ஒரு பாட்டுப் பாடினார். அண்ணாதுரை தொடங்கிய கட்சியின் மூன்று முதலெழுத்துக்களும் அப்பாட்டில் திரும்பத் திரும்ப வரும். அது என்ன என்று வினவினால், திருக்குறளை முன்னிறுத்தும் கழகம் ஒன்றின் பெயர்ச் சுருக்கமே என்று விளக்கமும் பாட்டிலேயே வந்துவிடும். திருக்குறளைப் போற்றாதே என்று எந்த அதிகாரியால் சொல்ல முடியும்? பார்த்தவர்களுக்குப் பொருள் புரிந்தது. கத்தரிக்கோலுக்கு வேலை இல்லாமற்போயிற்று. அக்கட்சியை ஆதரிப்பதும் ஆதரிக்காததும் அவரவர் விருப்பம். அதிகாரத்தின் முன் அஞ்சாமலும், அதே வேளையில் வரம்பு மீறாமலும், அறிவால் வழி கண்டுபிடிக்கும் திறமையைக் கட்சி வேறுபாடின்றிச் சுவைக்கலாம்.

1957-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் போட்டியிட்டார். அவரை எதிர்த்து நின்றவர் ஊராரின் அன்பைப் பெற்ற ஒரு மருத்துவர். பிரசாரத்துக்குச் சென்ற கலைவாணர், மேடையில் அந்த மருத்துவரையே புகழ்ந்து பேசினாராம். அவருடைய கைராசியையும் ஏழைகளிடம் அவர் காட்டும் பரிவையும் அடுக்கிக்கொண்டே போக, கட்சிக்காரர்கள் திகைத்துப் போனார்களாம். கடைசியில், இத்தகைய நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் ஊரில் நோய் வந்தால் யாரிடம் போவது என்று கேட்டு, அவரை ஊரிலேயே வைத்துக்கொண்டு அண்ணாதுரையை அனுப்பிவையுங்கள் என்று முடித்தாராம். இன்றும் பலர் சொல்லி மகிழும் செய்தி இது. அத்தேர்தலில் அண்ணாதுரை வென்றார். தோற்றவரின் மதிப்பிலும் ஓர் இம்மி குறையவில்லை. எதிரியின் மீது ஒரு துளி சேறும் படாமல் தேர்தலில் வாதிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

உலக அரங்கில் இவருக்கு ஒப்பாகச் சார்லி சாப்ளினைச் சொல்வது வழக்கம். 1940-இல் இட்லரைக் கேலி செய்து படம் எடுத்த சாப்ளினுக்கு, 1952-இல் அமெரிக்கா திரும்பும் வழி அடைபட்டது. சிரிக்க வைப்பவனைக் கண்டு அதிகாரம் அஞ்சுகிறது என்பது இதனால் விளங்கும். கலைவாணரின் பெயரும் கடல் கடந்தது. 1951-இல் சோவியத் நாட்டுக்குச் சென்ற இந்தியத் திரைக் கலைஞர்களுள் அவரும் ஒருவர்.

கொடுத்துச் சிவந்த கை

கலைவாணர் பெரியாரின் சீர்திருத்தக் கருத்துக்களில் ஈடுபாடு உடையவர். அண்ணாதுரையின் நெருங்கிய நண்பர். அதே வேளையில் காந்தியடிகளிடமும் பேரன்பு பூண்டவர். அடிகளார் மறைந்தபின் நாகர்கோவிலில் தம் சொந்தச் செலவில் ஒரு நினைவுத் தூண் எழுப்பினார். காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாக மேடைகளில் பாடினார். கொடை விழாக்களில் மட்டுமே ஒலித்த வில்லின் மணியோசை, நகரத்து மேடைகளிலும் ஒலிக்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் நெல்லைச் சீமையிலிருந்து அழைத்து வந்து ஊக்கிய இளைஞர் சுப்பு ஆறுமுகம், அக்கலையை வாழ்நாளெல்லாம் வளர்த்து, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-இல் மறைந்தார். ஒரு கலைஞர் ஏற்றிய விளக்கு எத்தனை காலம் எரிகிறது பாருங்கள்!

பொருளை அவர் பொருட்படுத்தவில்லை. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார், கேட்கத் தயங்கியவருக்குத் தேடிக் கொடுத்தார். அவர் வீட்டில் ஒருமுறை திருடன் ஒருவன் புகுந்துவிட, பிடிபட்ட அவனைத் தம்மோடு நாடகத்தில் நடிப்பவன் என்று வீட்டாரிடம் சொல்லி, இலை போட்டு உணவு பரிமாறச் செய்து அனுப்பினார் என்று ஒரு கதை வழங்குகிறது. ஊர் ஒருவரைப் பற்றி எத்தகைய கதைகளைச் சொல்கிறதோ, அதுவே அவருடைய உண்மையான உயில். சிக்கனத்தை மேடைதோறும் போதித்த கலைவாணர், தம் கொடையில் மட்டும் சிக்கனத்தைக் கைவிட்டார். அதனால் இறுதிக் காலத்தில் அவருக்கு மிஞ்சியது மக்களின் அன்பு மட்டுமே.

1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள், நாற்பத்தொன்பது வயது நிறைவதற்குள், அவர் சென்னையில் காலமானார். தமிழகத்தைச் சிரிக்க வைத்தவர் முதன்முறையாகத் தமிழகத்தை அழ வைத்தார். அவருக்குப் பின் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்த மதுரம் அம்மையார் 1974-இல் மறைந்தார்.

அவர் பெயர் தாங்கிய அவை

1967-இல் முதலமைச்சரான அண்ணாதுரை, நோயினால் தளர்ந்திருந்த நிலையிலும் 1969 ஜனவரியில் சென்னை தியாகராய நகரில் கலைவாணரின் சிலையைத் திறந்துவைத்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுவே என்பர். சில நாட்களில், பிப்ரவரி 3-ஆம் நாள், அவரும் மறைந்தார்.

சென்னை அரசினர் தோட்டத்தில், 1952-ஆம் ஆண்டு முதல் பொதுத் தேர்தலுக்குப் பின் சட்டமன்றம் கூடுவதற்கென ஒரு மண்டபம் கட்டப்பட்டது. 1956 வரை உறுப்பினர்கள் அங்கே கூடினர். பின்னர் அது பாலர் அரங்கமாயிற்று. அதன்பின் கலைவாணர் அரங்கம் என்று பெயர் பெற்றது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, புதிய கட்டடம் 2016-இல் திறக்கப்பட்டது. 2020-இல் கொரோனா தொற்று பரவியபோது, உறுப்பினர்கள் விலகி அமர்வதற்கு வசதியாகத் தமிழகச் சட்டமன்றம் அந்தக் கலைவாணர் அரங்கத்திலேயே கூடியது. நாட்டுக்குச் சட்டம் இயற்றுவோர், தொடக்கப் பள்ளியைத் தாண்டாத ஒரு நகைச்சுவை நடிகரின் பெயர் தாங்கிய கூரையின்கீழ் அமர்ந்திருந்தனர்! இதனை அவரே கண்டிருந்தால் எத்தனை அழகான கேலி ஒன்றைச் சொல்லியிருப்பார்!

அன்பு மாணவியரே, இன்று கேலிக்குப் பஞ்சமில்லை. கைபேசியைத் திறந்தால் நொடிக்கொரு நையாண்டிப் படம் வந்து விழுகிறது. தலைவர்கள் மட்டுமா, உடன் படிக்கும் தோழியின் நிறமும் நடையும் பேச்சும்கூடப் பலர் சிரிக்கும் பொருளாகிவிடுகின்றன. ஒரு கேலியைப் பிறருக்கு அனுப்புவதற்கு முன்பு நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே. இச்சிரிப்பினால் யாருடைய கண்ணில் நீர் வரும்? அந்த நீர் ஒருவர் புண்பட்டு வந்ததானால், அது அவதூறு எழுதிய பேனாவின் வழி. உள்ளம் நெகிழ்ந்து வந்ததானால், அது கலைவாணரின் வழி. வறுமையும் சிறையும் வாயை அடைக்க முயன்றபோதும் அவர் இரண்டாம் வழியை விட்டு விலகவில்லை. சிரிப்பு இறைவன் மனிதனுக்கு மட்டுமே அளித்த கொடை. அதனைப் பிறர் காயத்துக்கு மருந்தாகப் பயன்படுத்த நாமும் கற்றுக்கொள்வோமாக!